மூன்றாவது குரலுக்குத் திரும்புகிறவன்

ஒரே ஒரு தடவைதாங்க கூப்பிட்டான். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். முப்பது வருஷமாய் என்னோடு சுற்றியவன், நான் எத்தனையாவது குரலுக்குத் திரும்புகிற ஆள் என்று நன்றாகத் தெரிந்தவன், அந்தக் காட்டுக்குள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டான். இதை நீங்க என்னவென்று சொல்வீங்க? பேர் வேண்டாம். பேர் சொன்னால் உங்களுக்குத் தெரிந்த ஆளாகவும் இருப்பான். நீங்க கோபியில் இறங்குகிறவர்தானே? அவன் என்றே வைத்துக்கொள்ளுங்க.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடட்டுங்களா? சாரல் உள்ளே வருகிறது. ஈரோட்டில் பஸ் ஏறும்போதே கவனித்தேன், நீங்க அதிகம் பேசாத ஆள். நல்லதுதான். பேசுகிற ஆளிடம் இதைச் சொல்ல முடியாது. நடுவில் புகுந்து ஞாயம் பேசுவார்கள்.

என் தொழிலைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். இடிக்கிற வீட்டுச் சாமான் வாங்கி விற்கிறேன். பழைய கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம், ஓடு, எல்லாம். அப்பன் இல்லாத வீடு, நாலாங்கிளாஸோடு பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அங்கே ஒரு தடவை ஏமாந்தால் முதலாளி அறைவார். மறுபடியும் ஏமாந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. அப்படிப் படித்த படிப்புங்க இது. காலேஜில் படித்தவன் மறந்துவிடுவான், நான் மறக்க மாட்டேன். கோபமும் அங்கே கற்றுக்கொண்டதுதான். கோபப்படாதவனை இந்த ஊர் மிதித்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. விலை படியவில்லை என்றால் எழுந்து நடந்துவிட வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டு, செருப்பை மாட்டி, திரும்பிப் பார்க்காமல். பார்த்தால் தொலைந்தது. விற்கிறவன் கூப்பிடுவான், "ஏனுங்க, நில்லுங்க" என்று. முதல் குரலுக்குத் திரும்பக் கூடாது. அது சும்மா வாய் கூப்பிடுவது. இரண்டாவது குரலுக்கு நடையை லேசாகத் தளர்த்தலாம், தலையைத் திருப்பக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிடுவான் பாருங்க, அதில் வீட்டுக்கார அம்மா குரலும் சேர்ந்து வரும். அப்போது திரும்பினால் நாம் சொன்னதுதான் விலை.

இது அவனுக்குத் தெரியாதா? கோபியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். படத்துக்கு பிரேம் போடுவான், நிலைக்கண்ணாடி விற்பான். பழைய வீட்டில் பெரிய கண்ணாடி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ள என்னோடு வருவான். அப்படிப் பழக்கம். நான் எழுந்து தெருமுனை வரைக்கும் நடந்துவிடுவேன். வீட்டுக்கார அம்மா தயங்கிக்கொண்டு நிற்கும். இவன் அந்தம்மா காதோடு, "இன்னும் ஒருக்கா கூப்பிடுங்கக்கா, அவன் மூணாவதுக்குத்தான் திரும்புவான்" என்று எடுத்துக்கொடுப்பான். எனக்குக் கேட்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நடப்பேன்.

எனக்கும் அவனுக்கும் சண்டை வந்தாலும் அதே கதைதான். இலையில் உட்கார்ந்திருப்பேன், ஏதாவது சொல்வான், எழுந்து நடந்துவிடுவேன். அவன் கூப்பிடுவான். மூன்று தடவையும் கூப்பிடுவான். என் வீட்டுக்காரியே இரண்டோடு நிறுத்திவிட்டுச் சோற்றுப் பானையை மூடிவிடுவாள். இவன் ஒருத்தன்தான் மூன்றையும் கூப்பிடுகிறவன்.

போன ஆடியில் அவன் சம்சாரம் போய்விட்டது. மயிலாத்தாள் என்று பேர். எனக்குத் தங்கச்சி முறை மாதிரி. காய்ச்சல் என்று படுத்தது, எழவில்லை. அன்றைக்கு எல்லா வேலையும் நான்தான் எடுத்துச் செய்தேன். அவன் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டான். பந்தல்காரன், பூக்காரன், வண்டிக்காரன், எல்லோரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். சொல்லாமல் விட்டாலும் விடுவேன்.

அதற்கப்புறம் அவன் கடையைத் திறப்பான், உட்கார்ந்திருப்பான். சுற்றிலும் கண்ணாடி. எதிலும் பார்க்க மாட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பையன் பெங்களூரிலிருந்து மலையேறுகிற ஷூ ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான், "நடங்கப்பா, வெளியே போங்கப்பா" என்று. அது பெட்டியோடு கிடந்தது. ஐப்பசியில் இரண்டு மழை பெய்து விட்டிருந்தது. நான் போய் நின்றேன்.

"தேன்பாறை மலைக்குப் போலாம் வாடா. மழை விட்டிருக்குது. காடு பச்சைப் பசேல்னு இருக்கும்."

"கடையை யாரு பார்க்கறது?"

"உன் கடையில வந்து மூஞ்சி பார்க்கறவன் ஒரு நாள் பார்க்காம இருந்தா அவனுக்கு மூஞ்சி காணாமப் போயிருமா?"

சிரித்தாங்க. ஆடிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தான். அந்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்தான். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், கூட்டிப்போனவன் நான். அவனுக்காகத்தான் போனேன். இதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பஸ் போகிற கடைசி ஊரில் இறங்கினோம். அங்கே ஒரு போர்டு வைத்திருந்தார்கள். வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்று. போர்டுக்குப் பக்கத்துப் பாலத்துக் கட்டையில் ஒரு ஆள் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். சடையன் என்று பேர். அந்த ஊர்க்காரர். கூட வருவதற்கு ஒரு கூலி சொன்னார். நான் அதில் பாதி சொன்னேன். அவர் இறங்கவில்லை.

"சங்கத்துல வெச்ச கூலிங்க. நான் ஒருத்தன் குறைக்க முடியாது."

"சங்கமா எங்ககூட நடந்து வரப்போகுது? நீதானே வரப்போறே?"

அவர் வெற்றிலையை மென்றார். பக்கத்திலிருந்து இவன், "குடுத்துட்டுப் போலாம்டா, கேக்கறது ஒண்ணும் அதிகமில்லை" என்றான். விற்கிறவன் முன்னாலேயே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? வேறு வழி இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டு நடந்துவிட்டேன்.

எப்போதும் நான் நடப்பது ரோட்டைப் பார்த்து. அன்றைக்கு நான் முகம் திருப்பிய பக்கம் காடாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. பஸ் நிற்கிற பக்கம் நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஏனுங்க, தடம் மூடிக் கிடக்குது, போகாதீங்க" என்று அந்த ஆள் ஒரு குரல் கொடுத்தார். ஒன்று. நான் நடந்தேன். இவன் என் பின்னாலேயே ஓடிவந்தான். ஒரு வளைவு தாண்டி, மூங்கில் புதர் மறைவில் நின்றோம்.

"வரலையேடா" என்றான்.

"வருவான். வாயில வெத்தலை இருக்குது. துப்பிட்டு வருவான்."

"வரலைன்னா?"

"வருவான்டா. காலைல மொதல் போணி நாம."

வரவில்லை. திரும்பிப் போய்க் கேட்ட கூலியைக் கொடுக்கிற வேலை என் பிறப்பில் கிடையாது. தடம் இருந்தது. மேலே பாறை தெரிந்தது. ஒரு போர்டு வைத்தால் பயந்துவிடுவோமா? நடந்தோம்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. உங்களுக்குக் காட்டுப் பழக்கம் உண்டுங்களா? எனக்கு மரம் என்றால் அறுத்து, இழைத்து, கதவாக நின்றால்தான் தெரியும். நிற்கிற மரம் தெரியாது. அவன் ஒவ்வொன்றையும் காட்டி, "இது வேங்கையாடா, இது தேக்காடா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நானும் ஏதோ ஒரு பேர் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் ஷூ புதுசு, கீச்சு கீச்சு என்று சத்தம் போட்டது. "மயிலாத்தா இருந்தா இந்தச் சத்தத்துக்கே ஒரு வாரம் சிரிச்சிருப்பா" என்றான். தானாகவே அவள் பேரை எடுத்தான் பாருங்க. எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. சரி, வந்த வேலை முடிந்தது, இனி பாறையைப் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று நினைத்தேன். அப்போதே திரும்பியிருக்கலாம்.

போகப் போகப் புல் தடத்தை மூடிவிட்டது. மேகம் வேறு இறங்கியது. பாறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு மரம் விழுந்து கிடந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சரிவில் இறங்கியது, ஒன்று வலது கைப்பக்கம் ஏறியது. இரண்டும் தடம்தானா, தண்ணீர் ஓடின கோடா என்பதே சந்தேகம். காலில் பார்த்தால் அட்டை. என் செருப்புக் காலில்தான். அவன் ஷூ போட்டிருந்தான், தப்பித்தான். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம்.

"திரும்பிரலாம்டா" என்றான். "வந்த தடம் இன்னும் தெரியுது. போய் அவரைக் கூட்டிட்டு வரலாம். கேட்டதை நான் குடுக்கறேன்."

"நீ குடுத்தா அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான்."

"சிரிச்சா என்னடா?"

சிரித்தால் என்ன என்று கேட்கிறான். சிரிப்புக்குப் பயந்தே மேலே வந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? "உனக்கு எல்லாத்தையும் கொட்டிக் குடுத்துத்தான் பழக்கம். உன் பொழைப்பு அதனாலதான் கண்ணாடித் துண்டு பொறுக்கற பொழைப்பா நிக்குது" என்று சொன்னேன். கோபத்தில் வருகிற வார்த்தைதானே. முப்பது வருஷத்தில் இதைவிடப் பெரிதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அவன் அந்த விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்தான். மெதுவாகத்தான் பேசினான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"அவளை எடுத்துட்டுப் போக வந்த வண்டிக்காரன்கிட்ட வாசல்ல நின்னு பேரம் பேசினவன்டா நீ. நான் உள்ள அவ தலைமாட்டுல உக்காந்திருந்தேன். நீ செருப்பை மாட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்தே. அவன் உன்னைக் கூப்பிட்டான். மூணு தடவை. ஒவ்வொண்ணையும் நான் கேட்டுட்டு இருந்தேன். அவ முன்னாடி உக்காந்து கேட்டேன்."

ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. அந்த வண்டிக்காரன் அநியாயத்துக்குக் கேட்டான். சாவு வீடு, எதுவும் பேச மாட்டார்கள் என்று தெரிந்து கேட்டான். இவன் காசை நான் காப்பாற்றினேன். என் தங்கச்சி வீடு என்று நினைத்துத்தான் பேசினேன். ஊரான் வீடாக இருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? அதை மூன்று மாதம் மனதில் வைத்துக்கொண்டு, நடுக்காட்டில் கொண்டுவந்து என் முகத்தில் போடுகிறான்.

எனக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. அவன் முன்னால் நிற்க முடியவில்லை. நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். துண்டை உதறினேன். வலது கைப்பக்கம் ஏறுகிற தடத்தில் நடந்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. கல்லோ மண்ணோ. அப்புறம்தான் அந்தக் குரல்.

"டேய் நாச்சி."

நாச்சிமுத்து என் பேர். அவன் ஒருத்தன்தான் நாச்சி என்பான்.

அது முதல் குரல். நான் நடந்தேன். இரண்டாவது வரும், அப்போது நடையைத் தளர்த்தலாம் என்று நடந்தேன். அந்தக் குரல் கொஞ்சம் கீழே இருந்து வந்த மாதிரி இருந்தது. மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ஆளுடைய குரல் போல இல்லை, பள்ளத்திலிருந்து வந்த மாதிரி. இப்போது யோசித்தால் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. தோன்றினாலும், கோபத்தில் இருக்கிற மனுஷன் மேலே கீழே என்று அளந்து பார்த்துக்கொண்டா இருப்பான்?

இரண்டாவது வரவில்லை. நடையைத் தளர்த்தினேன். ஒரு மரத்தைப் பார்க்கிற மாதிரி நின்றேன். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தெரியட்டும் என்று இருமினேன். பலமாகவே இருமினேன். ஒன்றும் இல்லை. சரி, இந்தத் தடவை பிடிவாதமாக இருக்கிறான், இருக்கட்டும், நானும் பார்க்கிறேன் என்று இன்னும் கொஞ்சம் நடந்தேன். அப்புறம் திரும்பினேன். மூன்றாவது குரல் இல்லாமல் நான் திரும்பியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அதையாவது அவனிடம் யாராவது சொல்ல வேண்டும்.

திரும்பினால் வெறும் மரம். விழுந்த மரத்தைத் தேடிப் போனேன். காட்டில் ஒரு மரமா விழுந்து கிடக்கிறது? ஒவ்வொன்றும் அதே மாதிரி இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. ஏறினேன், இறங்கினேன், ஓர் ஓடையைத் தாண்டினேன், அதே ஓடையை மறுபடியும் தாண்டினேன் என்று நினைக்கிறேன். பயந்தேனா என்றால், பயந்தேன். அதில் பொய் சொல்ல மாட்டேன்.

நான் கூப்பிட்டேனா என்றுதானே பார்க்கிறீங்க? நீங்க கேட்காவிட்டாலும் கண் கேட்கிறது. கூப்பிடவில்லை. விசில் அடித்தேன். விசில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அது கூப்பிடுவதில் சேராது. அவன் பேரைச் சொல்லிக் கத்துவதற்கு வாய் வரவில்லை. கூப்பிடுகிறவன் இறங்கிவந்தவன் ஆகிவிடுவான். அந்த மழையில், அந்தக் காட்டில், பார்க்க ஒரு குருவிகூட இல்லாத இடத்தில் அப்படித்தான் நினைத்தேன். விசில் அடித்து அடித்து உதடு வறண்டுவிட்டது.

மத்தியானத்துக்கு மேலே ஒரு கம்பி வேலி தெரிந்தது. காப்பித் தோட்டம். பொம்பளைகள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒன்று, "ஐயோ, யாரோ பெரியவரு" என்று ஓடிவந்தது. ஷெட்டில் உட்கார வைத்தார்கள். அட்டை மேல் உப்பு வைத்து எடுத்தார்கள். காலெல்லாம் ரத்தம். போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தார்கள். மேஸ்திரி வந்தார்.

"எப்படிங்க இந்தப் பக்கம் வந்தீங்க? கூட யாருங்க?"

"தனியாத்தான் வந்தேன்" என்றேன்.

இருங்க. அப்படிப் பார்க்காதீங்க. நான் நினைத்தது இதுதான். அவன் அப்போதே திரும்பிப் போயிருப்பான். வந்த தடம் தெரிகிறது என்று அவன்தானே சொன்னான்? கீழே பாலத்துக் கட்டையில் அந்தச் சடையனோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் என்னைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் இன்னொருத்தன் இருக்கிறான் என்று சொன்னால் இவர்கள் கீழே ஆள் அனுப்புவார்கள். அவன் வந்து பார்ப்பான். சாக்கு மேல் உட்கார்ந்து, பொம்பளைகள் காலைப் பிடித்து உப்பு வைத்துக்கொண்டிருக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிற என்னைப் பார்ப்பான். அந்தக் கோலத்தில் அவன் என்னைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். முகம் கழுவி, தலை துவட்டி, நானே போய் நிற்கலாம் என்று நினைத்தேன். ஒரு மணி நேர மானத்துக்காகச் சொன்ன வார்த்தை.

"தனியா வந்திருக்காரு, தைரியந்தான்" என்றது ஒரு பொம்பளை. மற்றதுகள் சிரித்தன. டீ கொடுத்தார்கள். குடித்தேன். பன் கொடுத்தார்கள். இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன். அந்த இரண்டாவது டீயைத்தான் என்னால்... சரி, விடுங்க. கவுந்தப்பாடி தாண்டியாச்சுங்களா? தாண்டியாச்சு.

வேலை விட்டதும் தோட்டத்து ஜீப்பில் என்னையும் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். அதே பொம்பளைகள், அதே மேஸ்திரி. பாலத்துக்கிட்டே வந்தபோது நான் துண்டால் தலையை நன்றாகத் துவட்டி, மீசையைச் சரிசெய்து, சிரித்த முகமாக உட்கார்ந்துகொண்டேன். அவன் என்ன சொல்வான், நான் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சடையன் கட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜீப்பைப் பார்த்து எழுந்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் ஜீப்புக்குள் பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"அவரு எங்கங்க?"

"எவரு?" என்றார் மேஸ்திரி.

"ரெண்டு பேருல்ல போனாங்க. இன்னொருத்தரு, ஷூப் போட்டவரு."

எனக்குக் கம்பளி கொடுத்த பொம்பளை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் செய்தது.

"தனியா வந்தேன்னு சொன்னீங்களே" என்றார் மேஸ்திரி. மரியாதையாகத்தான் கேட்டார். 'ங்க' போட்டுத்தான் கேட்டார். இரும்புக் கடை முதலாளி கை நீட்டி அறைந்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை.

"அவன் இன்னும் வரலையா?" என்று கேட்டேன். சடையன் அதற்குள் அரிவாளும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். மேஸ்திரியும் இறங்கி அவர்கள் பின்னால் ஓடினார். நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க, உங்களையும் தேடிட்டு இருக்க முடியாது" என்றது அந்தப் பொம்பளை. உட்கார்ந்தேன்.

இருட்டுவதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த விழுந்த மரத்துக்குப் பக்கத்திலேயே கீழே பள்ளம். என்னைப் பிடிக்க எழுந்து ஓடிவந்திருக்கிறான். புது ஷூ, ஈரப் பாறை, சறுக்கிவிட்டது. இரண்டு கல்லுக்கு நடுவில் கணுக்கால் மாட்டி எலும்பு போய்விட்டது. விழுகிறபோது ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறான். அப்புறம் வலியில் நினைவு தப்பிவிட்டதாம். நினைவு வந்தபோது நான் இல்லை. நான் இருமினால் கேட்கிற தூரத்தில்தான் கிடந்திருக்கிறான். கூப்பிடு தூரம்.

கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் போய்த் தலைமாட்டில் நின்றேன். முகமெல்லாம் சேறு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், என் காய்ந்த சட்டையைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான். சடையனுக்குக் காலையில் கேட்டதைப் போல நாலு மடங்கு எடுத்து நீட்டினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பவே இல்லை. அது பேரத்துக்கு நடக்கிற நடை இல்லைங்க. அந்த நடை வேறு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மறுநாள் பேசுகிற நிலைக்கு வந்தான். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. நான் இளநீரோடு போய் நின்றேன். சாலையில் வெட்டிக்கொண்டிருந்தவனிடம் விலைகூடக் கேட்காமல் வாங்கிய இளநீர். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"தனியாத்தான் வந்தியாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

பேரம் பேசியதற்குத்தான் கோபம் என்று நினைக்கிறேன். அவன் சொன்னபடி சடையனுக்குக் கொடுத்திருந்தால் கால் ஒடிந்திருக்காது, அந்தக் கோபம். அது ஞாயமான கோபம்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி அந்த ஒரு வார்த்தை, அது யார் வாயிலும் வருவது. அதற்காகவா ஒருத்தன் முப்பது வருஷத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுவான்? இருக்காது. நீங்க என்ன நினைக்கிறீங்க? சொல்ல மாட்டீங்க. சரி.

இப்போது கடைக்கு வர ஆரம்பித்துவிட்டான். ஊன்றுகட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு வருகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். கோபியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இறங்கி, அவன் கடைக்கு எதிர்ச் சாரியில் நடப்பேன். மெதுவாக. பார்க்காமல்தான் நடப்பேன். ஆனால் அது கண்ணாடிக் கடை பாருங்க, தலையைத் திருப்பாமலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். வாசல் முழுக்கக் கண்ணாடி சாத்தி வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் நான் நடந்துபோகிறேன். ஒன்றில் பாதி, ஒன்றில் முழுசு. துண்டு போட்ட ஒரு கிழவன், ஏதோ தொலைத்தவன் மாதிரி. போன வாரம் அந்தக் கண்ணாடி ஒன்றில் அவன் கண்ணும் என் கண்ணும் பார்த்துக்கொண்டன. பார்த்தான், நிச்சயமாகப் பார்த்தான். அப்புறம் குனிந்து கண்ணாடி அறுக்க ஆரம்பித்துவிட்டான். தெருமுனை வரைக்கும் போனேன். நின்று இருமினேன். திரும்பி அதே வழியாக மறுபடியும் நடந்தேன். டீக்கடைக்காரன்தான் கூப்பிட்டான், "என்னங்க தேடறீங்க?" என்று.

நான் எதற்கு உங்களிடம் இவ்வளவும் சொல்கிறேன் என்றால், நீங்க ஊர்க்காரர். ஒரு வார்த்தை போய்ச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் நாலு எட்டுதான், கண்ணாடிக் கடை என்றால் யாரும் காட்டுவார்கள். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம். நீங்களாகச் சொல்கிற மாதிரி சொல்லுங்க. நாச்சிமுத்து வெளியே நடந்துகொண்டிருக்கிறான், மூன்று தடவை கூப்பிட்டால் வருவான் என்று.

என்னங்க, ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீங்க?

சரி, மூன்று வேண்டாம். கால் சரியில்லாத மனுஷன், வாசலுக்கு வந்து மூன்று தடவை கத்த முடியாது. ஒன்று போதும். ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க, நான் அந்த முதல் குரலுக்கே திரும்பிவிடுகிறேன். யாருக்கும் இதுவரைக்கும் இப்படி இறங்கியதில்லை.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீங்க. இன்னும் ஊர் வரவில்லைங்க, கரட்டடிபாளையம்தான்.

சரி, கூப்பிடவே வேண்டாம். வையட்டும். கடை வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, அந்தத் தோட்டத்தில் நான் சொன்ன வார்த்தையைச் சொல்லிச் சொல்லி வையட்டும். நான் எதிர்ச் சாரியில் நின்று கேட்டுக்கொள்கிறேன். நகர மாட்டேன். அதுவும் முடியாது என்றால், அறுத்துக்கொண்டிருக்கிற கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கி என்னை நேராக ஒரு தடவை பார்க்கட்டும். கண்ணாடி வழியாக இல்லை, நேராக. இதற்குக் கீழே என்னிடம் ஒன்றும் இல்லைங்க, நீங்க எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் இல்லை.

நான் போய் அவன் கடைப் படி ஏறலாமே என்று நினைக்கிறீங்க. ஏறி என்ன சொல்வது? எனக்கு அந்த வார்த்தை எதுவும் தெரியாதுங்க. இரும்புக் கடையில் அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவனுக்குத் தெரியும், அவன்தான் எப்போதும் முதலில் பேசுகிறவன். அதனால் அவன்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். இறங்கினதும் நேராகப் போய்ச் சொல்லுங்க, வேறு எங்கும் நிற்காதீங்க. சாயங்காலம் கடை சாத்துகிற வரைக்கும் அந்தத் தெருவில்தான் நடந்துகொண்டிருப்பேன். இன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்க.